எந்த ஆறு? கவிதையைத் தொடங்க விரும்புவோருக்கு

பதினாறு வயதில் பள்ளிப் போட்டி ஒன்றுக்காகத் தாமிரபரணியைப் பற்றி இருபத்து நான்கு வரிகளில் ஒரு கவிதை எழுதினேன். "பொருநைத் தாயே, வற்றாத ஜீவநதியே" என்று தொடங்கிப் பொதிகையில் பிறப்பதையும் புன்னைக்காயலில் கடலோடு கலப்பதையும் போற்றிப் பாடி அது முடிந்தது. பரிசும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். வாக்கப்பட்டு வந்த நாள் முதல் குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்து, துணி துவைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தவள் அவள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்த ஆத்தப் பத்தி எழுதியிருக்கலே?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. என் வரிகளில் ஓடிய ஆற்றில் அவள் கால் வைத்த படி ஒன்றுகூட இல்லை. அங்கே பாசி வழுக்கவில்லை, மீன் குஞ்சு வந்து காலைக் கடிக்கவில்லை, ஈரச் சேலையின் பாரம் இல்லை. உலகத்தின் எந்த ஆற்றுக்கும் பொருந்துகிற சொற்களை எழுதிவிட்டு அதற்குத் தாமிரபரணி என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்தனை ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது என்னிடம் கவிதைகளைக் கொண்டுவரும் இளைஞர்கள் பலர், "எழுத ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை, பொறி தட்டினால்தானே எழுத முடியும்?" என்கிறார்கள். பொறி தானாகத் தட்டும் என்று காத்திருக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. எங்கே போவது, போன இடத்தில் எதைக் கவனிப்பது, கவனித்ததை எப்படி முதல் வரியாக்குவது என்பதற்கெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய முறைகள் உண்டு. நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு எழுதுகிறவன் என்பதால் இந்த மண்ணை வைத்தே அவற்றைச் சொல்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஆற்றையும் தங்கள் தெருவையும் இவ்விடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

தொல்காப்பியர் பாட்டுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனநிலைகள் உரிப்பொருள். இவை ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தவை என்றும் அவரே சொல்கிறார். ஆகவே பாட்டில் உணர்வே உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையின் உச்சியிலிருந்து யாரும் மலை ஏறத் தொடங்குவதில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் உரிப்பொருளில் தொடங்குகிறார்கள்: என் தனிமையே, என் ஏக்கமே, நீ இல்லாத இரவே என்று. படிப்பவருக்கு நிற்க ஒரு தரையும் இல்லை, தொட ஒரு பொருளும் இல்லை. உணர்வின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். நான் சொல்லும் முறை முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கும்: முதற்பொருளிலும் கருப்பொருளிலும் தொடங்குங்கள். ஓர் இடம், ஒரு பொழுது, ஒரு பொருள், அந்தப் பொருளின்மேல் நடக்கிற ஒரு செயல். இவை சரியாக அமைந்துவிட்டால் உணர்வு கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்த வகையில் நெல்லைச் சீமையில் பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேற்கே பாபநாசத்துக்கு மேல் மலை. ஆற்றின் இரு கரையிலும் கார், பிசானம் என இரு பருவம் விளையும் வயல். சங்கரன்கோவில் பக்கம் மானாவாரிக் காடும் ஆட்டுக்கிடையும். உவரியிலும் மணப்பாட்டிலும் கடல். இடையே பாலையை நினைவூட்டும் செம்மணல் தேரி. இவற்றில் எங்கும் திருநெல்வேலியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சுற்றிப் பார்க்கப் புறப்பட வேண்டாம். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு எல்லாம் அழகாகத் தெரியும், எதுவும் பிடிபடாது. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் வாரம் இருமுறையாவது அங்கே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். அது வாய்க்கால் மதகாக இருக்கலாம், ஜங்ஷன் ரயில் நிலையத்தின் நடைமேடையாக இருக்கலாம், தெருமுனைச் சலூனாகவும் இருக்கலாம். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ போகும்போதுதான், போன வாரம் இருந்த ஒன்று இன்று இல்லை என்பது கண்ணில் படும். அங்கேதான் கவிதைக்கு விதை இருக்கிறது.

கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். அலைபேசியில் படம் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். படம் எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. குறிப்பு எழுதுவதில் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு எளிது. பொருளின் பெயர் ஒன்று, அது செய்கிற அல்லது அதற்கு நேர்கிற வினை ஒன்று, அந்த இடத்தில் காதில் விழுந்த பேச்சு ஒன்று, இவ்வளவே. "அழகான", "சோகமான", "அமைதியான" போன்ற அடைமொழிகளுக்குக் குறிப்பேட்டில் இடமில்லை. பெயர் துல்லியமாக இருக்க வேண்டும். "மரம்" என்று எழுதாதீர்கள். மருதமா, நாவலா, உடையா, விளாவா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் அருகில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள். பெயர் கேட்கப் போன இடத்தில் அவர் சொல்லும் மறுவாக்கியம், பல நேரங்களில் நீங்கள் தேடி வந்ததைவிட நல்ல வரியாக இருக்கும்.

ஒரு கவிதை தொடங்கிய விதத்தை அருகில் வைத்துக் காட்டுகிறேன். குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோவிலை ஆறு மூழ்கடித்துவிட்டுப் போகும். 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் வடிந்த சில நாட்களுக்குப் பிறகு அங்கே போனேன். படித்துறையில் கணுக்கால் அளவுக்கு வண்டல் கிடந்தது. கல் மண்டபத்துத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலும் மண் அப்பியிருக்க, உத்தரத்தின் இடுக்கில் வைக்கோலும் ஒரு குழந்தையின் சட்டையும் சிக்கியிருந்தன. நடுத்தர வயதுடைய ஓர் அம்மா தேங்காய் நாரைத் தண்ணீரில் நனைத்து ஒரு தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூணின் அடியில் ஒரு சிறு உருவம் செதுக்கப்பட்டிருந்தது. யார் என்று சொல்ல முடியாதபடி தேய்ந்திருந்த, பிள்ளை போன்ற ஓர் உருவம். அவர் நாரைக் கீழே வைத்துவிட்டுச் சுண்டுவிரலால் அந்த உருவத்தின் முகத்திலிருந்து மண்ணை நோண்டி எடுத்தார். எடுத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காமல், "மூக்குக்குள்ள எல்லாம் மண்ணு போயிருக்கு பாரு" என்றார்.

அன்று குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான்: தூண். தேங்காய் நார். சுண்டுவிரலால் மூக்கில் மண் எடுக்கிறார். "மூக்குக்குள்ள எல்லாம் மண்ணு போயிருக்கு பாரு." கீழே ஆறு. வெயில்.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரைவு பதினெட்டு வரிகள் வந்தது. "பொங்கி எழுந்த பொருநையின் சீற்றத்தில்" என்று அது தொடங்கியது. பதினாறு வயதுப் பழக்கம் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விட்டபாடில்லை. முதல் ஐந்து வரிகளும் வெள்ளத்தைப் பற்றியவை. செய்தித்தாளில் எல்லோரும் படித்தவை. அவற்றை அடித்தேன். அடுத்து, "குழந்தைக்குச் சளி எடுக்கும் தாய்போல்" என்று ஓர் உவமை இருந்தது. அதை எழுதியபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துப் படித்தபோது, அந்த அம்மாவின் பேச்சே அந்தக் காட்சியைச் சொல்லிவிட்டது என்பதும், உவமை அதையே மறுபடி விளக்கிக்கொண்டிருக்கிறது என்பதும் புரிந்தது. அதையும் எடுத்தேன். கடைசியில், "கருணையே கடவுள்" என்கிற பொருளில் நான்கு வரிகள்; அவற்றை எடுக்க யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எஞ்சியது இது:

மூக்குக்குள்ள எல்லாம்
மண்ணு போயிருக்கு பாரு என்று
தூணுக்குள் இருக்கும் பிள்ளைக்குத்
துடைத்துவிடுகிறாள்.
மூன்று படி கீழே
ஒன்றும் நடக்காததுபோல்
ஆறு.

இதில் இரக்கம் என்ற சொல் இல்லை. கோபம், பேரழிவு, பக்தி என்ற சொற்களும் இல்லை. எனக்குக் கிடைத்த பொறி என்று ஏதேனும் இருந்தால், அது அந்த அம்மாவின் வாயிலிருந்து விழுந்த ஐந்தாறு சொற்கள். நான் செய்த வேலை, அந்நேரம் அங்கே நின்றதும், கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டதும், நான் சேர்த்ததையெல்லாம் பிறகு எடுத்ததும் ஆகும். புதிய கவிதையைத் தொடங்குவோர் இதைப் பயிற்சியாகவே செய்யலாம்: குறிப்பேட்டில் உள்ள பேச்சு ஒன்றை முதல் வரியாக வைத்துக்கொண்டு, அதைச் சொன்னவர் அந்நேரம் கையால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் அடுத்த மூன்று வரிகளில் எழுதுங்கள். காரணமும் விளக்கமும் வேண்டாம். அடுத்தவர் வாழ்விலிருந்து எடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒருவரது துக்கத்தையோ வறுமையையோ அவரை அடையாளம் காணும்படி எழுதிவிட்டு, அவர் முகத்தில் விழிக்க முடியாமல் ஒளிகிற நிலை வரக் கூடாது. எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டால் போதும், எல்லை எங்கே என்பது தெரிந்துவிடும்.

தொழில் நடக்கும் இடங்களுக்குப் போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருப்பொருளில் தொழிலுக்கு இடம் கொடுத்தவர்களின் மரபில் வந்த நாம் இன்று தொழிலைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. உடன்குடிப் பக்கம் ஒரு கோடையில் கருப்பட்டி காய்ச்சும் விடிலி ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். விடியும் முன்பே பனையேறி இறக்கிவந்த பதனீரை அகன்ற சட்டியில் ஊற்றி, அந்த வீட்டு அக்கா ஓலையும் விறகுமாக அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். பொங்கி வந்தபோது நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டார், பொங்கல் அடங்கியது. பதனீர் நிறம் மாறிக் கூழாக இறுகிவரும் நிலையைக் கூப்பனி என்றார். பதம் வந்ததை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். அது கரையாமல் திரண்டது. பிறகு, "இதெல்லாம் உங்களுக்குக் காட்டுததுக்கு. சத்தம் மாறும் தம்பி, அத வச்சே தெரிஞ்சுருவேன்" என்றார். நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். பதனீராக இருந்தபோது படபடவென்று கொதித்தது, பாகான பிறகு ஆழத்திலிருந்து மெதுவாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சிரட்டைகளில் ஊற்றி முடித்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சுரண்ட இரண்டு பிள்ளைகள் தயாராக நின்றார்கள்.

அன்று எனக்குக் கிடைத்தவை விடிலி, கூப்பனி என்னும் இரு சொற்களும் "சத்தம் மாறும்" என்னும் ஒரு வாக்கியமும். அகராதியில் இருந்து எடுக்கும் அரிய சொல் கவிதையில் நகைபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேலை செய்கிறவர் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கோ சூடு இருக்கும், கை ரேகை இருக்கும். பத்தமடையில் கோரை கிழிக்கிறவர்கள், முக்கூடலில் பீடி சுற்றுகிறவர்கள், கிடை போடுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் என ஒவ்வொரு தொழிலுக்கும் நூறு சொற்களாவது உண்டு. மாதத்துக்கு ஒரு தொழில் என்று வைத்துக்கொண்டு, அதன் கருவிகள், பதங்கள், பழுதுகள் இவற்றின் பெயர்களை மட்டும் கேட்டு எழுதி வாருங்கள். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிற நாளில் அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இந்த மண்ணின் பழைய கவிஞர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு முக்கூடற்பள்ளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற சீவலப்பேரிப் பக்கத்தைக் களமாகக் கொண்ட நூல் அது. ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் கவிஞர் "ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பிறகு குறிகளை மட்டும் அடுக்குகிறார். மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னல் சூழ மின்னுகிறது. நேற்றும் இன்றும் கிளைகளைச் சுற்றிக் காற்றடிக்கிறது. கிணற்றுத் தவளை கூப்பிடுகிறது. சேற்று நண்டு தன் வளையை அடைக்கிறது. வானம்பாடிகள் மழை தேடி ஆடுகின்றன. மேற்கேயும் கிழக்கேயும் மின்னல் தெரிவது வெறும் அலங்காரம் அன்று. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டாலும் நீர் பெறுகிற ஆற்றின் கரையில் இருப்பவருக்கு இரண்டு திசையும் முக்கியம். அதைத் தெரிந்தவர்தான் அப்படி எழுத முடியும். நண்டு வளையடைப்பதை யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பயிற்சி: பெரிய நிகழ்ச்சி ஒன்றை எழுத விரும்பினால், அது நடப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் சின்னச் சின்ன உயிர்களும் பொருள்களும் என்ன செய்தன என்பதை எழுதுங்கள். கல்யாணத்தை எழுதாதீர்கள், முந்தின நாள் பந்தக்காலுக்குக் குழி தோண்டியவன் எதில் கடப்பாரை மோதி நிறுத்தினான் என்பதை எழுதுங்கள்.

கண்ணில் எதுவும் படாத நாட்களில் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பேசாமல் இருந்த நம்மாழ்வார், மதுரகவியாழ்வார் வந்து, "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டதற்கு, "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று வாய் திறந்ததாக வைணவ மரபு சொல்கிறது. அத்தனை காலத்து மௌனம் ஒரு கேள்விக்கு உடைந்தது என்பதில் எழுதுகிறவர்களுக்குப் பெரிய செய்தி இருக்கிறது. உங்களிடம் பிறர் கேட்ட, நீங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லாத கேள்விகளை நினைவிலிருந்து எடுத்துக் குறியுங்கள். "எப்பம் வருவ?" என்று அம்மா அலைபேசியில் கேட்டதற்கு "பாப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பீர்கள்; சொல்லாமல் விட்ட பதில் எங்கோ உட்கார்ந்திருக்கும். ஆச்சி கேட்ட கேள்விதான் என்னை இன்னும் எழுத வைக்கிறது என்று முன்பே சொன்னேன்.

தொடங்கியவர்கள் மறுநாள் தொடர முடியாமல் நின்றுவிடுவதற்கும் நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழியிலேயே வழி இருக்கிறது. அது அந்தாதி. ஒரு பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். அப்படியே 1102 பாசுரங்கள் ஓடி, "உயர்வற" என்று தொடங்கியது "உயர்ந்தே" என்று முடிகிறது. நூல் முழுவதும் ஒரே மாலையாகக் கோக்கப்பட்டிருப்பதால், எந்த இடத்திலும் அடுத்ததைப் பாட ஒரு சொல் கையில் இருந்துகொண்டே இருக்கிறது. நாமும் இதைச் செய்யலாம். இன்று எழுதியதன் கடைசிச் சொல்லை எடுத்து மறுபக்கத்தின் தலையில் எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் வெற்றுத்தாள் இருக்காது. "படி" என்றோ "மண்" என்றோ ஒரு சொல் உங்களுக்காகக் காத்திருக்கும். ஏழு நாள் இப்படிச் செய்தால் ஏழு துண்டுகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றிரண்டு தனித்து நிற்கும். மற்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

சிலருக்குக் காட்சியைவிட ஓசை முதலில் வரும். அவர்கள் சந்தத்திலிருந்து தொடங்கட்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச் சிந்து, தோளில் காவடியோடு நடப்பவர்களின் நடையோடு பிறந்தது. அதை உட்கார்ந்து படிப்பதற்கும் நடந்துகொண்டே சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை நீங்களே செய்துபார்த்தால் உணர்வீர்கள். சொல் எதுவும் இல்லாமல் "தன்ன தானன தன்ன தானன" என்று ஓர் ஓசையை மட்டும் மனத்தில் போட்டுக்கொண்டு ஒரு மைல் நடங்கள். செங்கோட்டை ரயிலின் தடதடப்பு, விசைத்தறியின் அடி, அம்மிக் குழவியின் இழுப்பு என்று எந்த ஓசையையும் எடுத்துக்கொள்ளலாம். நடையின் நடுவில் ஓசை ஓரிடத்தில் சொல்லாக மாறும். புதுக்கவிதை எழுதுகிறவர்கள் இது தங்களுக்கு வேண்டாம் என்று நினைப்பதுண்டு. அது சரியன்று என்பது என் எண்ணம். யாப்பு இல்லாத வரிக்கும் மூச்சு உண்டு, அந்த மூச்சு கால் நடையிலிருந்துதான் வருகிறது.

நீண்ட கவிதையைத் தொடங்கத் தயங்குகிறவர்கள் கொடை விழாவில் ஒரு வில்லிசையை முழுவதும் கேட்க வேண்டும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் ஆகியவற்றைக் கடந்து பிறகே கதைக்கூறு வரும், முடிவில் வாழி. புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி, குடமும் உடுக்கையும் சேர்ந்துகொண்ட நொடியில் அவருக்குத் தொடக்கம் பற்றிய அச்சம் இருக்க வழியில்லை. முதலில் என்ன பாட வேண்டும் என்பது முன்பே தீர்ந்திருக்கிறது. பாடிக்கொண்டே கூட்டத்தையும் தன் குரலையும் கதைக்குத் தயார்செய்துகொள்கிறார். நீங்களும் முதல் இரு பக்கங்களைக் காப்பாகவும் நாட்டுவளமாகவும் எண்ணி, ஊரின் பெயர், திசை, தெரு, யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். கதைக்கூறு தொடங்குகிற இடம் தானாகத் தெரியும். ஏட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி, வில்லுப்புலவருக்கு இல்லாதது: கவிதை முடிந்த பிறகு அந்த முன்பகுதியை எடுத்துவிடலாம்.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு சொல். நெல்லைப் பேச்சில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு வரிக்கு ஒரு "லே"யும் "மக்கா"வும் தூவுவதால் மண்வாசனை வந்துவிடாது. யார், யாரிடம், எந்த உரிமையில் பேசுகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆச்சி பேரனிடம் சொல்லும் "ஏலே" வேறு. அண்ணாச்சி என்று அழைக்க வேண்டியவரிடம் அந்தச் சொல் நுழையவே நுழையாது. காதால் கேட்டதைக் கேட்ட இடத்தில் மட்டும் வையுங்கள்.

சொந்தத் துயரம் நெஞ்சை அடைக்கும்போது எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். ஆனால் ஒப்பாரி பாடும் பெண்களிடம் கற்றுக்கொண்டு எழுத வேண்டும். இழவு வீட்டில் அவர்கள் "துயரம்" என்று பாடுவதில்லை; போனவர் படுத்த கட்டிலையும், உடுத்த வேட்டியையும், நட்ட மரத்தையும், அவர் வரும் வழியையும் எடுத்துப் பாடுகிறார்கள். கேட்கிறவர்கள் தாமே அழுகிறார்கள். ஆச்சி இறந்த பிறகு அவளைப் பற்றி நான் எழுத முயன்றவை எதுவும் அமையவில்லை. அவள் குடம் வைத்து வைத்து இடுப்பில் காய்த்திருந்த இடத்தை எழுதியபோதுதான் முதல் வரி நின்றது.

எழுதியதைக் குரல் விட்டுப் படிப்பது பழக்கமாக வேண்டும். ரசிகமணி டி.கே.சி. (டி. கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டில் வட்டத்தொட்டி என்ற பெயரில் இலக்கியம் பேசக் கூடியவர்கள் கவிதையைக் கண்ணால் படித்துக் கலைந்தவர்கள் அல்லர். பாடியும் சொல்லியும் கேட்டவர்கள். வரைவைப் படிக்கும்போது நாக்கு தடுக்குகிற இடத்தில் அடிக்கோடு இடுங்கள். மூச்சு தானே நிற்கிற இடத்தில் வரியை உடையுங்கள். கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருந்தால் நல்லது. அவர் இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றுமே வராத நாட்கள் வரும். அவற்றில் குறிப்பேட்டைப் படியுங்கள், நடங்கள், பிறர் கவிதைகளை மனப்பாடம் செய்யுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

வரைவு ஒன்று ஓரளவு நின்றுவிட்டால், தேதியும் இடமும் அடியில் எழுதி ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு அந்தக் கவிதையை எடுத்துக்கொண்டு அது பிறந்த இடத்துக்கே போய், ஒவ்வொரு பொருளையும் சரிபாருங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, மரம் நீங்கள் எழுதிய மரம்தானா, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். நானும் குறுக்குத்துறைக்குப் போனேன். வண்டலைக் கழுவித் தள்ளியிருந்தார்கள். தூணின் அடியில் இருந்த பிள்ளையின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மண்டபத்தின் அடியிலிருந்து தண்ணீர் வரை படிகளை எண்ணினேன். மூன்று அல்ல, ஐந்து இருந்தன. வெள்ளம் வடிந்திருந்த நாளில் இரண்டு படி தண்ணீருக்குள் இருந்திருக்க வேண்டும். மூன்று என்பதை மாற்றவில்லை. அடியில் அன்றைய தேதியை மட்டும் எழுதினேன்.